வீடு முழுவதையும் மூடாதீர்கள்

பொழிச்சலூரில் ஒரு வீட்டுக்கு ஜன்னல்களை மாற்றிக்கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பாக்கிப் பணம் வாங்கப் போனேன். வீட்டுக்காரருக்கு ஏக மகிழ்ச்சி. விமானம் போவதே தெரியவில்லை என்றார். அவருடைய அம்மாதான் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிளம்பும்போது வாசல் வரை வந்து சொன்னார்: "கீரைக்காரி மூன்று நாளாக வந்து கூப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறாள், தம்பி. எனக்குக் கேட்கவே இல்லை. சனிக்கிழமை கோயிலுக்குப் போகிற கூட்டத்தின் சத்தமும் கேட்கவில்லை."

அந்த வீட்டின் ஒன்பது ஜன்னல்களையும் நான் இறுக்க அடைத்திருந்தேன்.

மீனம்பாக்கம் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு கட்டித்தரும் பொறியாளன் நான். வீடு வாங்க வருபவர்களிடம் முதலில் காற்றைப் பற்றித்தான் பேசுவேன். விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். முதன்மை ஓடுதளம் ஏறத்தாழ மேற்கு கிழக்காக, சற்றே சாய்ந்து கிடக்கிறது. தென்மேற்குக் காற்றடிக்கும் மாதங்களில் பெரும்பாலும் ஆலந்தூர் பக்கமிருந்து இறங்கி, பொழிச்சலூர், பம்மல் பக்கம் ஏறிப்போகும். ஐப்பசியில் வாடை திரும்பினால் இதெல்லாம் தலைகீழ். அனகாபுத்தூர், பம்மல் மேலாக இறங்கும். ஏறும்போது எஞ்சின் முழு மூச்சில் உறுமும். இறங்கும்போது உறுமல் குறைவு, ஆனால் விமானம் தாழ வரும். சுமார் 3 டிகிரி சரிவில் இறங்குவதால், தரை தொடும் இடத்திலிருந்து 2 கிலோமீட்டரில் உள்ள மொட்டைமாடிக்கு மேல் ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்தில்தான் பறக்கிறது. ஆடியில் வந்து வீட்டைப் பார்த்து முன்பணம் கொடுத்தவர், கார்த்திகையில் வேறொரு வீட்டில் குடியிருப்பதைப் போல உணர்வார். ஆகவே இரண்டு பருவத்திலும் போய்ப் பாருங்கள். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கும் ஒருமுறை போய் நில்லுங்கள். வெளிநாட்டு விமானங்கள் பல வந்துபோகும் நேரம் அது.

இந்த ஊர்களின் தோற்றத்தையே விமானம்தான் வரைந்திருக்கிறது. 2015ஆம் ஆண்டின் உயரக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, ஓடுதளத்தை ஒட்டிய மனைகளில் கட்டடத்தின் உயரத்துக்கு விமான நிலைய ஆணையத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். அதனால்தான் நகரின் மற்ற பகுதிகள் பத்து மாடி, பதினைந்து மாடி என்று வளர்ந்தபோதும், இங்கே தென்னை வீட்டைவிட உயர்ந்து நிற்கும் தெருக்கள் மிஞ்சியிருக்கின்றன. திண்ணையிலிருந்து எதிர்வீட்டுக்குக் குரல் கொடுக்க முடிகிறது. ஆனால் இத்தனை வருடங்களில் நான் கொடுத்த எந்த வரைபடத்தையும் பார்த்து, இந்தப் படுக்கையறைக்குள் எவ்வளவு சத்தம் வரும் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. உயரத்துக்குச் சான்று உண்டு, காதுக்கு இல்லை.

வரம்புகள் ஏட்டில் இருக்கின்றன. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்கின்றன. 2018இல் விமான நிலையங்களுக்கென்று தனியாக வந்த அறிவிக்கை, பெரிய நிலையங்களைச் சுற்றிப் பகலில் 70, இரவில் 65 வரை விட்டுக்கொடுத்தது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு, இரவில் விமானச் சத்தம் 40க்குள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. டெசிபெல் கணக்கில் 10 கூடினால் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தெரியும் என்பதால், இந்த இடைவெளி சிறியதல்ல. போதாததற்கு, நம் வரம்புகளெல்லாம் பல மணி நேரத்துச் சராசரி. ஒரு மணிக்கு எழுப்பிவிட்ட விமானத்தின் சத்தத்தைச் சராசரியில் கரைத்துவிடலாம். விழித்தவருக்குத் தூக்கம் திரும்பாது.

சத்தம் எங்கே நுழைகிறது? பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஏறக்குறைய 50 டெசிபெலைத் தடுத்துவிடும். ஒற்றைக் கண்ணாடி ஜன்னலை மூடினால் 25 குறையும், திறந்து வைத்தால் 10 அல்லது 15தான். நூறு சதுர அடிச் சுவரில் ஒரு சதுர அடி ஓட்டை இருந்தால், மற்ற 99 சதுர அடி கோட்டைச் சுவராகவே இருந்தாலும் 20க்கு மேல் குறையாது. பழைய வென்டிலேட்டர், ஏசி குழாய்க்கு மேஸ்திரி உடைத்துவிட்டு மூடாமல் போன துளை, கதவின் அடியிடுக்கு ஆகியவற்றை அடைக்காமல் ஆயிரக்கணக்கில் கண்ணாடிக்குக் கொட்டுவது வீண். மாடியில் சிமென்ட் ஷீட் போட்ட அறை என்றால் ஜன்னலைத் தொடவே வேண்டாம், கூரைதான் வாசல். முட்டை அட்டையும் ஸ்பாஞ்சும் ஒட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அவை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், வெளிச்சத்தத்தைத் தடுக்காது.

இப்போது நான் ஒரே ஓர் அறையைத்தான் மூடச் சொல்கிறேன், தூங்கும் அறையை. அதற்குக் காங்கிரீட் கூரை வேண்டும். இரண்டு கண்ணாடிக்கு நடுவே படலம் வைத்து ஒட்டிய தடித்த கண்ணாடி, சுற்றிலும் ரப்பர் பட்டை, கெட்டியான மரக்கதவு. இடமிருந்தால் பழைய ஜன்னலை அப்படியே விட்டு, ஒரு சாண் உள்ளே தள்ளி இரண்டாவது ஜன்னல் வைப்பது இன்னும் நல்லது. கடையில் இரட்டைக் கண்ணாடி என்று விற்பதில் இடைவெளி ஓர் அங்குலம்கூட இருக்காது. வெயிலுக்கு அது உதவும், எஞ்சின் உறுமலுக்கு அவ்வளவாக உதவாது. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது என்பதால், படுப்பதற்கு முன் அறைக் கதவைச் சிறிது நேரம் திறந்து வைக்க வேண்டும். கூடம், சமையலறை, திண்ணை எல்லாம் திறந்தே இருக்கட்டும்.

பொழிச்சலூர் வீட்டுக்கு ஆட்களோடு திரும்பிப் போனேன். படுக்கையறை ஜன்னல்கள் இரண்டைத் தவிர, மற்ற ஏழையும் திறந்து மூடும்படி மாற்றினோம். கூலி வாங்கவில்லை, கணக்கில் பிழை என்னுடையது. வேலை முடியும் நேரத்தில் கீரைக்காரி வந்தாள். முளைக்கீரைக் கட்டுக்கு அம்மா பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே விமானம் ஒன்று வந்தது. இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். அது கடந்ததும், விட்ட ரூபாயிலிருந்து பேரம் தொடர்ந்தது.