சப்ளிமென்ட்: எதை இட்டு நிரப்புகிறது?

"ஒரே அசதியா இருக்கு, ஏதாவது சத்து மாத்திரை குடுங்க" என்று மருந்துக்கடையில் கேட்டால் கைக்கு வரும் டப்பாவில் 'ஹெல்த் சப்ளிமென்ட்' என்று அச்சிட்டிருக்கும். கேட்டது ஒரு சொல், வந்தது வேறு சொல்.

லத்தீனில் 'சுப்' என்றால் கீழிருந்து, 'ப்ளேரெ' என்றால் நிரப்புதல். இரண்டும் சேர்ந்து பிறந்த 'சுப்ளேமென்டும்' குறைந்துபோன இடத்தை நிரப்புவதைக் குறிக்கும். போரில் ஆள் குறைந்த படையணிக்குப் புதிதாகத் திரட்டி அனுப்பும் வீரர்களை ரோமானியர் இப்படித்தான் அழைத்தார்கள். அணியில் ஆள் குறையவில்லை என்றால் அனுப்பத் தேவையே இல்லை. தமிழில் 'இட்டு நிரப்புதல்' என்கிறோமே, அதேதான்.

டானிக் வேறு குடும்பம். கிரேக்க 'டோனோஸ்' என்பது இழுப்பு, முறுக்கு. தளர்ந்த யாழ் நரம்பை இழுத்துக் கட்டுவது போல. டானிக் யார் குடித்தாலும் தெம்பு தரும் என்பது அந்தச் சொல்லுக்குள் இருக்கும் நம்பிக்கை. சப்ளிமென்ட் என்ற சொல்லில் அப்படி எதுவும் இல்லை. டானிக் என்று நினைத்துக்கொண்டு சப்ளிமென்ட் வாங்குவதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

தமிழில் என்ன சொல்லலாம்? நாளிதழோடு வந்தால் இணைப்பு, தேர்வென்றால் துணைத்தேர்வு, நூலில் பிற்சேர்க்கை. உணவில் 'இணை உணவு' என்று எழுதுகிறார்கள்; ஆனால் ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு கொடுக்கும் உணவுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. 'துணை உணவு' என்றால் தொட்டுக்கொள்ளும் கறி ஞாபகம் வருகிறது. 'சத்து மருந்து' சட்டப்படியே தவறு: இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016 விதிகள், இது மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று லேபிளில் அச்சிடச் சொல்கின்றன. எங்கள் தேர்வு 'ஊட்டச்சத்து நிரப்பி'. சுருக்கமாகச் சத்து நிரப்பி. சொன்ன உடனே "எந்தச் சத்து குறைவு?" என்ற கேள்வி எழுகிறது அல்லவா, அதற்காகவே.

அசதிக்குப் பின்னால் அடிக்கடி நிற்கும் குறை இரும்பு. ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்பின் கையிருப்பு வற்றியிருக்கலாம். அதை ஃபெரிட்டின் பரிசோதனை காட்டும். 200 மி.கி. ஃபெரஸ் சல்பேட் மாத்திரையில் உண்மையான இரும்பு ஏறத்தாழ 65 மி.கி.தான்; 'எலிமென்டல் அயர்ன்' என்ற வரியைத் தேடிப் படிக்க வேண்டும். காபி, டீ, கால்சியம் மாத்திரை மூன்றும் இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும். குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி விட்டு, எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கலாம். மலம் கறுப்பாகப் போவது இயல்பு. மலச்சிக்கல் பொறுக்காமல் பாதியில் நிறுத்துபவர்கள் அதிகம். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒருமுறை மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, ஏறத்தாழ ஒருநாளுக்கு அடுத்த மாத்திரையின் இரும்பை முழுதாக உள்ளே விடாது. ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் சுமார் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் கையிருப்பு நிரம்பும்.

வைட்டமின் பி12 குறைவது சைவ உணவுக்காரர்களுக்கும், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்களுக்கும். இங்கே ஃபோலிக் அமிலத்தை மட்டும் விழுங்கினால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும். நரம்புச் சேதம் உள்ளுக்குள் தொடர, பாதம் மரத்துப்போகும்.

வைட்டமின் டி 60,000 யூனிட், வாரத்துக்கு ஒன்று. சீட்டைச் சரியாகப் பார்க்காமல் தினம் ஒன்றாக மாதக்கணக்கில் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, தீராத தாகம், சிறுநீரகக் கோளாறு என்று போகும். அசதியும் கூடவே வரும், எதைப் போக்க வாங்கினோமோ அதே அசதி!

முடி உதிர்வுக்கான மாத்திரைகளில் பயோட்டின் என்ற வைட்டமின் 5 முதல் 10 மி.கி. வரை இருக்கும். பல ஆய்வகங்களில் அது தைராய்டு பரிசோதனையைக் குழப்பி, டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவைக் குறைத்துக் காட்டிவிடும். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு, ஆய்வகத்திலும் சொல்லிவிடுங்கள்.

மனச்சோர்வுக்கு என்று விற்கும் மூலிகைகளை நிரப்பி என்று சொல்லவே முடியாது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் குறைந்து யாருக்கும் நோய் வருவதில்லையே. மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் இது செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளை ஆபத்தான அளவுக்கு ஏற்றும். கருத்தடை மாத்திரையின் வலுவையும் குறைக்கும்.

அமுக்கராவும் அப்படித்தான். அதன் வடமொழிப் பெயரான அசுவகந்தா என்றால் குதிரை வாசம். வேரை முகர்ந்தால் பெயர்க் காரணம் புரியும். தாவரப் பெயரில் உள்ள 'சோம்னிஃபெரா' உறக்கம் தருவது என்று பொருள்படும். இதன் இடம் டானிக் குடும்பம், விற்பதோ சப்ளிமென்ட் என்ற பெயரில். கர்ப்பிணிகள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.