லட்சத்தில் ஒன்று, எங்கள் வீட்டில் இரண்டு

பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். முதல் குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள் தவறிவிட்டது. அடுத்த குழந்தைக்கும் அதே நோய். மூன்றாம் நாளே கண்டுபிடித்ததால் பிழைத்துக்கொண்டது. “லட்சத்தில் ஒருத்தருக்கு வருவது என்கிறார் டாக்டர். எங்கள் வீட்டில் மட்டும் எப்படி இரண்டு? மாமியார் நாகதோஷம் என்கிறார்.”

தோஷத்தை ஜோசியரிடமே விட்டுவிடுவோம். இதில் இருப்பது பள்ளிக்கூடக் கணக்கு.

நோயின் பெயர் மேப்பிள் சிரப் யூரின் டிசீஸ். சிறுநீரில் மேப்பிள் பாகு வாடை வருமாம். அதை நம்மில் எத்தனை பேர் முகர்ந்திருப்போம்? வெந்தயம் வறுக்கிற வாடை என்றால் உடனே புரியும். இரண்டிலும் மணப்பது சோட்டலோன் என்ற ஒரே பொருள்தான். பிரசவ நேரத்தில் வெந்தயத் தேநீர் குடித்த தாயின் நல்ல குழந்தையிடம் இந்த வாடை வந்து, டாக்டர்கள் சந்தேகப்பட்ட கதைகூட மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

புரதத்திலிருந்து வரும் லூசின், ஐசோலூசின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்களை உடைக்கும் நொதி இந்தக் குழந்தைகளுக்கு வேலை செய்யாது. லூசின் தேங்கி மூளையைத் தாக்கும். பிறந்தபோது நன்றாக இருக்கும் குழந்தை, இரண்டு மூன்று நாளில் பால் குடிக்காமல் சோரும். அப்புறம் வலிப்பு, கோமா. உலக அளவில் சுமார் 1,85,000 பிறப்புக்கு ஒன்று என்கிறார்கள்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். நோய் வர, அப்பா தந்த மரபணுவும் அம்மா தந்ததும் இரண்டுமே பழுதாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பழுதென்றால் ஒன்றும் ஆகாது. தெரியாமலே நூறு வயது வாழலாம். டாக்டர்கள் இவர்களைக் ‘கேரியர்’ என்பார்கள். இருவரும் கேரியரானால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. இப்போது அந்த 1,85,000-லிருந்து பின்னோக்கிப் போடுங்கள். அப்பா கேரியர், அம்மா கேரியர், அப்புறம் நான்கில் ஒன்று: 215 × 215 × 4 = 1,84,900. அதாவது நோய் லட்சத்தில் ஒன்றானாலும், பழுதைச் சுமப்பவர் 215 பேரில் ஒருவர். காலை நெரிசலில் நம்ம மெட்ரோவின் ஒரு பெட்டியில் சராசரியாக ஒருவராவது நின்றுகொண்டிருப்பார். ஒரு கோடிப் பேருக்கு மேல் வாழும் இந்த ஊரில் 46,000 பேருக்கும் அதிகம்.

இந்தக் கணக்கின் பொது வடிவத்தை 1908-ல் எழுதியவர் ஹார்டி. ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த அதே ஹார்டிதான். தன் கணிதம் யாருக்கும் பயன்படாது என்பதில் அவருக்கு ஒரு பெருமை வேறு!

வாசகி கட்டியிருப்பது தாய்மாமனை. அதனால் கணக்கில் ஒரே ஓர் எண் மாறுகிறது. மாமன் கேரியராக இருக்க அதே 215-ல் ஒன்றுதான். ஆனால் அவருக்கு அந்தப் பழுது தன் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோதானே வந்திருக்கும்? அது அக்காவுக்கும் போயிருக்கப் பாதி வாய்ப்பு, அக்காவிடமிருந்து மகளுக்கு அதிலும் பாதி. ஆக இரண்டாவது 215 இருந்த இடத்தில் வெறும் 4. 215 × 4 × 4 = 3,440. ஐம்பது மடங்குக்கு மேல் எகிறிவிட்டது. அத்தை மகன், மாமன் மகள் என்றால் 4-க்குப் பதில் 8 போடுங்கள், 6,880.

“நாங்களெல்லாம் சொந்தத்தில் கட்டி நன்றாகத்தானே இருக்கிறோம்” என்று பாட்டி சொல்வதும் பொய்யில்லை. 3,440-ல் 3,439 பேர் தப்பிக்கிறார்கள். ஆனால் இதுபோன்ற நோய்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் இதே கணக்கு. பத்துப் பொருத்தத்தில் ஒன்றுகூட இதைப் பார்ப்பதில்லை.

2021 அரிய நோய்க் கொள்கையில் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. நல்லது. ஆனால் பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, நாலு சொட்டு ரத்தத்தைத் தாளில் எடுத்து இந்த மாதிரி நோய்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் சோதனை இன்னும் நாடு முழுக்கக் கட்டாயமில்லை. எனக்கு இது கடைசி நாள்வரை காத்திருந்து தட்கலில் டிக்கெட் எடுப்பதுபோல்தான் படுகிறது. பிழைத்த குழந்தைக்கும் லூசின் இல்லாத தனிப் பால்மாவு, கிராம் கணக்கில் எடைபோட்ட சோறு. சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் ஆபத்து. பசியில் உடல் தன் தசையையே கரைக்க, அதிலிருந்தும் லூசின் வருமே.

கடிதத்தின் கடைசி வரியில், தன் தங்கையைக் கொழுந்தனுக்கே பேசிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தார். அம்மா, இங்கே 215 என்ற எண்ணுக்கே இடமில்லை. நீங்களும் உங்கள் கணவரும் கேரியர் என்பது இப்போது உறுதி. தங்கைக்குப் பாதி, கொழுந்தனுக்குப் பாதி. 2 × 2 × 4 = 16. தட்டு மாற்றும் முன் இருவரையும் மரபணுச் சோதனைக்கு அழைத்துப் போங்கள். அரிய நோய்களுக்கான மையமாக அரசு அறிவித்த மனித மரபியல் மையம் பெங்களூரிலேயே இருக்கிறது.