மஞ்சப்பையைக் கொட்டினால் தெரியும்

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேட்டால் எங்கள் பக்கம் ஒரே பதில்தான்: "சாப்பிடறனுங்க." பெரியவர்களுக்கு முகத்துக்கு நேரே "இல்லீங்க" என்று சொல்ல வாய் வராது. பெருந்துறைப் பக்கம் மருந்துக் கடையில் நிற்கும் எங்களிடம் பில் தேதி பேசிவிடும். மாதத்துக்கு 60 மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை வாங்கியவர் 50 நாள் கழித்து வந்தால் எங்கோ இடிக்கிறது.

ஆனால் உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அதைச் சாப்பிட்டிருக்கலாம். சிலர் இரண்டையும் சேர்த்து, ஒரே மருந்தை இரட்டிப்பாக விழுங்குவதும் உண்டு. அதனால்தான் வீட்டில் உள்ள அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்வேன்.

அப்படி ஒரு அம்மா மஞ்சப்பையைக் கொட்டினார். காலை மாத்திரை அட்டைகள் காலி. இரவு மாத்திரை பிரிக்காமல் கிடந்தது. ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்ட் வேலை. "சாப்பாட்டுக்கு அப்புறம்னு எழுதியிருக்குதுங்க. ராத்திரி டீயும் பன்னும்தானுங்களே?" என்றார். மறதி இல்லை, அலட்சியமும் இல்லை. சீட்டு அவருடைய ஷிப்டுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

அடிக்கடி சிறுநீர் போக வைக்கும் நீர் மாத்திரை போடுகிறவர்கள் கோயமுத்தூர் பஸ் ஏறும் நாளில் அதை விட்டுவிடுவார்கள். எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரையில் வறட்டு இருமல் வந்தவர் சொல்லாமலே நிறுத்திவிடுவார். "தொடர்ந்து போட்டா கிட்னி போயிருமாமா" என்பது தனி. கட்டுக்கடங்காத சுகரும் பிரஷரும்தான் பெரும்பாலும் கிட்னியைக் கெடுக்கின்றன என்று எத்தனை முறை சொன்னாலும் பக்கத்து வீட்டார் பேச்சுதான் எடுபடுகிறது.

டெஸ்ட்டுக்கு முந்தின வாரம் மட்டும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை நன்றாக இருந்து, மூன்று மாதச் சராசரி ஏறியிருந்தால் இதையும் விசாரிக்க வேண்டும். நாடித் துடிப்பைக் குறைக்கும் பிரஷர் மாத்திரையான அட்டெனலால் சாப்பிடுகிறவரின் நாடி வேகமாகத் துடித்தாலும் அப்படித்தான். கேட்காமல் விட்டால் மருந்து போதவில்லை என்று டோஸ் ஏறும். பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்து, சீட்டில் உள்ளதை நர்ஸ் வேளை தவறாமல் கொடுத்தால் சர்க்கரை கிடுகிடுவென இறங்கி மயக்கமே வரலாம்.

"போன வாரம் எத்தனை வேளை விட்டுப்போச்சுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். விடுவது சகஜம்தான் என்ற தொனி இருந்தால் உண்மை வரும். வீட்டிலும் இப்படியே கேட்கலாம், அதட்டாமல். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வலிப்பு மாத்திரை, அட்டெனலால், பல வாரம் சாப்பிட்ட ஸ்டீராய்டு போன்றவற்றை டாக்டரைக் கேட்காமல் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள்.