பில் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது கடைக்குள்ளே

கடைகளுக்கு பில்லிங் கம்ப்யூட்டர், பிரின்டர், நெட்வொர்க் எல்லாம் போட்டுக் கொடுப்பது என் தொழில். "தம்பி, நெட் போச்சு, பில் வரலை" என்று போன் வந்தால், "கவுண்டர் கம்ப்யூட்டர்ல ஏதாவது வெப்சைட் திறக்குதா அண்ணாச்சி?" என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் திறக்கும். அப்படியென்றால் இன்டர்நெட் நன்றாகத்தான் இருக்கிறது, பழுது அநேகமாகக் கடைக்குள் எங்கோ இருக்கிறது. இது தெரியாமல் இன்டர்நெட் கம்பெனிக்குப் புகார் கொடுத்துவிட்டு, தீபாவளிக் கூட்டத்தில் கையால் பில் எழுதிக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

கடைக் கம்ப்யூட்டரிலேயே தரவை வைத்திருக்கும் மென்பொருளுக்கு, பில் போட இன்டர்நெட்டே வேண்டாம். கவுண்டர்களையும் பிரின்டரையும் இணைக்கும் உள் நெட்வொர்க் மட்டும் போதும். அதைத்தான் லேன் என்கிறோம். தரவை இன்டர்நெட் வழியாக வெளியிலுள்ள கம்ப்யூட்டரில் வைக்கும் கிளவுட் மென்பொருள் என்றால் கதை வேறு. வாங்கும்போதே, நெட் இல்லாத நேரத்தில் பில் ஓடுமா, நெட் வந்ததும் அந்த பில்கள் தானாகப் போய்ச் சேருமா என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

கடைக்குள் வரும் ஃபைபர் வயர் ஒரு மோடத்தில் முடிகிறது. பல இடங்களில் ரவுட்டரும் அதே பெட்டிக்குள் இருக்கும். ரவுட்டர்தான் கடையிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதைக் கண்டுபிடிக்கும் எண், கொடுக்கிறது. 192.168 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அது உங்கள் கடைக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி, பக்கத்துக் கடையிலும் அதே எண் இருக்கலாம். சுவிட்ச் என்பது நிறைய லேன் கேபிள்களைச் செருகும் பெட்டி. அதற்கு முகவரி கொடுக்கும் வேலை இல்லை, தரவை உரிய கேபிளுக்கு அனுப்புவதோடு சரி. ஒரே கேபிளின் இரண்டு முனைகளையும் யாராவது அதே சுவிட்சில் செருகிவிட்டால், சாதாரண சுவிட்சாக இருந்தால் மொத்தக் கடையும் நின்றுவிடும். தரை கூட்டும்போது கழன்ற கேபிளை "எங்கேயோ செருகிட்டேன் சார்" என்று பையன் சொன்னால், முதலில் இதைப் பாருங்கள்.

நான் அதிகம் பார்க்கும் கோளாறு பிரின்டரின் முகவரி மாறுவது. நேற்று 192.168.1.20 என்று இருந்தது. கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் வேறு எண்ணைக் கொடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் இன்னும் பழைய எண்ணுக்கே பில்லை அனுப்பிக்கொண்டிருக்கிறது. சில சமயம் அந்தப் பழைய எண் யாரோ ஒருவருடைய செல்போனுக்குப் போயிருக்கும். பிரின்டரை அணைத்து, பேப்பர் தள்ளும் பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்தால், பெரும்பாலான தெர்மல் பிரின்டர்கள் தங்கள் விவரங்களை ஒரு தாளில் அடித்துக் கொடுக்கும். லேன் வசதி உள்ள பிரின்டர் என்றால் அதில் ஐபி முகவரியும் இருக்கும். நெட்வொர்க் போட வருபவரிடம், பிரின்டருக்கும் தரவு இருக்கும் மெயின் கம்ப்யூட்டருக்கும் மாறாத ஐபி வைத்துத் தரச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, ஆனால் கேட்டால்தான் பலர் செய்கிறார்கள்.

கவுண்டர் சாமான்களைப் பற்றியும் கொஞ்சம். பார்கோடு ஸ்கேனர் கம்ப்யூட்டருக்கு ஒரு கீபோர்டு மாதிரிதான். நோட்பேடைத் திறந்து ஸ்கேன் செய்யுங்கள், எண் வந்தால் ஸ்கேனர் நலம். பொதுவாகப் பொருளின் மேலுள்ள 13 இலக்க பார்கோடில் விலை கிடையாது. விலை உங்கள் மென்பொருளில் இருக்கிறது, அங்கே தப்பாக இருந்தால் பில்லிலும் தப்புதான். 890 என்று தொடங்கினால் இந்தியத் தயாரிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணை, பார்கோடு எண்களை ஒதுக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் இந்தியக் கிளை வழங்கியது என்பது மட்டுமே அதற்குப் பொருள். காசுப்பெட்டி பெரும்பாலும் பிரின்டரோடுதான் இணைந்திருக்கும். பிரின்டர் அணைந்திருந்தால் அது தானாகத் திறக்காது. தெர்மல் பிரின்டருக்கு மை கிடையாது, சூட்டில் தாளே கறுக்கிறது. ரோலைத் திருப்பிப் போட்டால் வெற்றுத்தாள்தான் வரும்.

இனி நான் உண்மையிலேயே கவலைப்படும் விஷயம். பல கடைகளில் பில்லிங் கம்ப்யூட்டர், சிசிடிவி, வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபை எல்லாமே ஒரே நெட்வொர்க்கில் கிடக்கின்றன. 2013 கடைசியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி கார்டுகளின் விவரம் திருடப்பட்டது. திருடர்கள் உள்ளே வந்தது, கடைகளுக்குக் குளிர்சாதன வேலை பார்த்த ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் பாஸ்வேர்டு வழியாக. அங்கிருந்து கவுண்டர் கருவிகள்வரை போக முடிந்ததுதான் பெரிய ஓட்டை. அவ்வளவு பெரிய கடை நம்முடையது இல்லைதான். ஆனால் 2016-இல் பரவிய மிராய் என்ற வைரஸ், கடை பெரிதா சிறிதா என்று பார்க்கவில்லை. கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும், கேமரா படத்தைப் பதிவுசெய்யும் டிவிஆர் பெட்டிகளையும் தேடித்தேடிப் பிடித்தது.

வெளியாட்களுக்கென்று தனியாகப் பிரித்துக் கொடுக்கும் கெஸ்ட் வைஃபை என்ற வசதி உங்கள் ரவுட்டரில் அநேகமாக இருக்கும். வாடிக்கையாளருக்கு அதைக் கொடுங்கள், பில்லிங் வைஃபையின் பாஸ்வேர்டை வேலையாட்களின் சொந்த போன்களுக்குக்கூடக் கொடுக்க வேண்டாம். ரவுட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டு வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு. இரண்டையும் மாற்ற வேண்டும், டிவிஆருடையதையும் சேர்த்து.

அப்புறம் எங்களைப் போன்ற ஆட்கள். தூரத்திலிருந்து உங்கள் கம்ப்யூட்டரைத் திறந்து சரிசெய்ய ஒரு மென்பொருள் வைத்திருப்போம். எப்போது வேண்டுமானாலும் உள்ளே வர நிரந்தர பாஸ்வேர்டு போட்டுக் கொள்வது எங்களுக்கு வசதி, உங்களுக்கு ஆபத்து. ஒவ்வொரு முறையும் நீங்கள் "சரி" கொடுத்தால்தான் திறக்கும்படி வைக்கச் சொல்லுங்கள். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பேங்கிலிருந்து பேசுகிறேன், ஸ்வைப்பிங் மெஷினை அப்டேட் செய்ய வேண்டும் என்று அறிமுகமில்லாத குரல், தூரத்திலிருந்து திறக்கும் அந்த மென்பொருளில் தெரியும் எண்ணைக் கேட்டால், போனை வைத்துவிட்டு மெஷின் கொடுத்த பேங்கை நீங்களே கூப்பிடுங்கள்.

பேக்கப் எடுக்கும் பென்டிரைவ் எந்நேரமும் அதே கம்ப்யூட்டரில் செருகியே இருக்கிறது, இதைக் கடை கடையாகப் பார்க்கிறேன். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸ் வந்தால் அதையும் சேர்த்துத்தான் பூட்டும். இரண்டு பென்டிரைவ் வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ராத்திரி கணக்கு முடித்ததும் ஒன்று வீட்டுக்குப் போகட்டும். மாதம் ஒருமுறை, அதிலுள்ள பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, நேற்றைய கடைசி பில் இருக்கிறதா என்று உங்கள் மென்பொருள்காரரையே காட்டச் சொல்லுங்கள்.