உப்பில் அரைத்த சிவப்புக்குக் காப்புரிமை உண்டா?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "போன் விழுந்து டிஸ்ப்ளே போய்விட்டது. எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் காம்போ மாற்றினேன். படம் வருகிறது, டச்சும் வேலை செய்கிறது. ஆனால் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் கருப்பு கருப்பாக இல்லை, விபூதி பூசியதுபோல் வெளிறித் தெரிகிறது. கேட்டால், 'ஒரிஜினல் கலர் ஃபில்டருக்கெல்லாம் பேட்டன்ட் இருக்கு சார், இந்த விலைக்கு அது வராது' என்கிறார்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சாயம் பூசுவதற்கு யாராவது பேட்டன்ட் கொடுப்பார்களா?"

கடைக்காரர் சொன்னதில் பாதி சமாளிப்பு. உங்கள் பழைய திரை ஓஎல்இடியாக இருந்திருக்கும். மாற்றியது, கடைகளில் 'இன்செல்' என்கிறார்களே, அந்த எல்சிடியாக இருக்கும். ஓஎல்இடியில் கருப்பு என்றால் அந்த இடத்தில் விளக்கே அணைந்துவிட்டது. எல்சிடியில் பின்னால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்; முன்னால் கதவைச் சாத்துகிறார்கள், அவ்வளவுதான். கதவிடுக்கில் கசிவதுதான் உங்கள் விபூதி. ஆனால் மீதிப் பாதி பொய்யில்லை. அந்தக் கசிவில் நிற வடிகட்டிக்கும் பங்கு உண்டு. அந்த மூன்று சாயத்தைச் சுற்றிக் காப்புரிமைகள் குவிந்து கிடப்பதும் நிஜம்.

வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்து, திரையின்மேல் கடுகைவிடச் சின்னதாக ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். துளி லென்ஸாகி, அடியில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கோடுகளைக் காட்டும். 1080-க்கு 2400 புள்ளி கொண்ட எல்சிடி திரையில் இப்படி 77 லட்சத்து 76 ஆயிரம் சிறு கட்டங்கள். அங்குலத்துக்கு 400 புள்ளி என்றால் ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 21 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே மூன்று கட்டம் அடங்கிவிடும்.

அடுக்குகளைக் கீழிருந்து எண்ணினால் பின்னொளி, முனைவாக்கி (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படலம்), டிரான்சிஸ்டர் வரைந்த கண்ணாடி, மூன்று நான்கு மைக்ரோமீட்டர் திரவப் படிகம், நிற வடிகட்டி பூசிய கண்ணாடி, கடைசியாக முதலாவதற்குக் குறுக்காகத் திருப்பி ஒட்டிய இன்னொரு முனைவாக்கி. திரவப் படிகம் ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பினால் கதவு திறக்கும், இல்லாவிட்டால் மூடியிருக்கும். வடிகட்டி தன் நிறத்தை மட்டும் விட்டுவிட்டு, வந்த வெள்ளை ஒளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிவிடுகிறது.

பூசுகிற வேலை அச்சகத்து வேலைபோலத்தான். முதலில் கார்பன் கலந்த பிசினால் கருப்புச் சட்டம் போடுகிறார்கள். முன்பு இதற்குக் குரோமியம். பிறகு நிறமி கலந்த ஒளியுணர் பிசினை மெல்லிய பிளவு வழியாகக் கண்ணாடி முழுவதும் இழுத்துப் பூசி, 100 டிகிரி பக்கத்தில் லேசாக உலர்த்தி, முகமூடித் தகடு வைத்துப் புற ஊதா ஒளி காட்டுகிறார்கள். ஒளி பட்ட இடம் இறுகும். படாத இடத்தை நீர்த்த காரக் கரைசலில் கழுவி எடுத்துவிட்டு, 230 டிகிரி அளவில் சுடுகிறார்கள். சிவப்பு முடிந்தால் பச்சை, பிறகு நீலம். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் தடிமன்தான். இங்கே அடிக்கடி வரும் தொல்லை அடிவெட்டு. நிறமி புற ஊதாவையும் தின்றுவிடுவதால் மேல்பாகம் இறுகி, அடி இளகியே நின்றுவிடும்; கழுவும்போது காரம் அடியைக் குடைந்துவிடும். அப்படித் தொங்கும் விளிம்பின்மேல் பின்னால் மின்முனைப் படலம் பூசினால் அது அங்கே அறுந்துபோகும். பூச்சுத் தடிமன் இடத்துக்கு இடம் மாறினால் திரையில் திட்டுத்திட்டாகத் தெரியும். அதற்கு ஆலைகளில் பெயர் 'முரா'. ஜப்பானியச் சொல், உலகம் முழுக்க அப்படியே சொல்கிறார்கள்.

இனி கசிவுக்கு வருவோம். வடிகட்டி உட்கார்ந்திருக்கும் இடம் இரண்டு முனைவாக்கிகளுக்கும் நடுவில். கருப்புக் காட்ட வேண்டிய நேரத்தில் முதல் முனைவாக்கி, ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே அனுப்புகிறது. திரவப் படிகம் அதைத் தொடுவதில்லை. குறுக்கே நிற்கும் மேல் முனைவாக்கி அதை முழுக்கத் தடுத்துவிட வேண்டும். ஆனால் வழியில் நிறமித் துகள்கள் இருக்கின்றன. சாயம் என்று சொன்னாலும் இது தண்ணீரில் கரைந்த சாயமல்ல. பிசினுக்குள் மிதக்கும் குட்டிக் குட்டிப் படிகங்கள். கரையும் சாயம் 230 டிகிரிச் சூட்டையும் வருடக்கணக்கான வெளிச்சத்தையும் பொதுவாகத் தாங்காது என்பதால் இந்த ஏற்பாடு. படிகத்தில் ஒளி பட்டால் கொஞ்சம் சிதறும். சிதறும்போது அதன் அதிர்வுத் திசையும் கொஞ்சம் கலையும். கலைந்த அந்தப் பங்குக்கு மேல் முனைவாக்கி கதவு மாதிரியே இல்லை, நேராக வெளியே வந்துவிடும். சிதறிய ஒளியின் திசை எவ்வளவு கலைகிறது என்பது 1920களில் ராமனின் குழு விடாமல் அளந்துகொண்டிருந்த விஷயம். இன்று அதே அளவை ஆலைகளில் தரச் சோதனையாக நடக்கிறது: வடிகட்டியை இரண்டு முனைவாக்கிகளுக்கு நடுவே வைத்து, அவை இணையாக இருக்கும்போது வரும் வெளிச்சத்தைக் குறுக்காக இருக்கும்போது வருவதால் வகுத்தால் கான்ட்ராஸ்ட்.

வடிகட்டியை முனைவாக்கிக்கு வெளியே ஒட்டிவிட்டால் இந்தச் சனியன் தொலையாதா என்று கேட்கலாம். தொலையும், ஆனால் வேறொன்று வரும். இடையில் இருக்கும் கண்ணாடி, 21 மைக்ரோமீட்டர் கட்டத்தைவிடப் பல மடங்கு தடிமன். சற்றுச் சாய்ந்து பார்த்தால் சிவப்புக்கென்று திறந்த ஒளி பக்கத்துப் பச்சை வழியாக வெளியேறும். எனவே வடிகட்டி உள்ளேதான் இருந்தாக வேண்டும், துகள்தான் சின்னதாக வேண்டும்.

எவ்வளவு சின்னதாக? ஒளியின் அலைநீளத்தைவிட நன்றாகச் சிறிய துகள் சிதறடிக்கும் ஒளி, விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. அதே எடை நிறமியைப் பாதி விட்டமாக உடைத்தால் துகள்களின் எண்ணிக்கை எட்டு மடங்கு கூடும். ஒவ்வொன்றும் சிதறடிப்பது அறுபத்து நான்கில் ஒன்றாகும். நிகரக் கணக்கு எட்டில் ஒன்று. 100 நானோமீட்டர் துகளை 50 ஆக்கினால் சிதறல் எட்டில் ஒரு பங்காகிவிடும். நிறம் மாறவில்லை, தடிமன் மாறவில்லை, கருப்பு மட்டும் ஆழமாகிறது.

உடைக்கும் முறைதான் அழகு. இஞ்சி பூண்டு நசுக்கும்போது வழுக்காமலிருக்க அம்மியில் ஒரு கல் உப்புப் போடுவார்கள் அல்லவா? அதேதான். நிறமி, அதைப்போல் பல மடங்கு பொடித்த சோடியம் குளோரைடு, கொஞ்சம் டைஎத்திலீன் கிளைகால் என்ற பிசுபிசுப்பான திரவம் மூன்றையும் பரோட்டா மாவுப் பதத்துக்குக் கெட்டியாகச் சேர்த்து, கனமான பிசையும் எந்திரத்தில் மணிக்கணக்கில் பிசைகிறார்கள். உப்புப் படிகங்களின் விளிம்புதான் அரைகல். முடிந்ததும் வெந்நீரில் அலசினால் அரைகல் கரைந்து ஓடிவிடும், நிறமி மட்டும் மிஞ்சும். எந்தக் கிரைண்டரில் இந்த வசதி உண்டு? அதற்குப் பிறகு சிர்கோனியா என்ற கடினமான பீங்கான் மணிகளோடு கரைப்பானில் இன்னொரு சுற்று. ஒட்டிக்கிடக்கும் துகள்களைப் பிரித்து, மீண்டும் ஒட்டாமல் பிசினால் போர்த்தும் வேலை அது.

அளவுக்கு மீறி அரைத்தால் கெடும். விட்டம் பாதியானால் மேற்பரப்பு இரட்டிக்கும். அத்தனைக்கும் போர்வை போதாமல் துகள்கள் மறுபடி ஒட்டிக்கொள்ளும், கலவை கெட்டியாகும், பூச முடியாது. சூடும் வெளிச்சமும் சிறு துகளைச் சீக்கிரம் வெளுக்கவைக்கும். இதைவிடக் கொடுமை சிவப்பில் நடக்கும். வடிகட்டியில் புழங்கும் முக்கியமான சிவப்பு, பிஆர் 254 என்ற நிறமி. இதை மிக நுண்ணியதாக அரைத்துப் பூசி 230 டிகிரியில் சுட்டால், சில துகள்கள் மற்றதைத் தின்று ஊசி ஊசியாக வளர்ந்துவிடும். மணிக்கணக்கில் அரைத்துச் சம்பாதித்த கான்ட்ராஸ்ட் அரை மணி நேர அடுப்பில் போய்விடும். மருந்து என்ன? அதே நிறமியின் மூலக்கூற்றில் சல்ஃபோனிக் அமிலம் போன்ற ஒரு வாலை ஒட்டவைத்து, அதில் கொஞ்சத்தைக் கலப்பது. உடல் அதே வடிவம் என்பதால் அது படிக முகத்தில் பொருந்தி உட்கார்ந்துகொள்ளும். வால் நீட்டிக்கொண்டிருப்பதால் அடுத்த மூலக்கூறு வந்து அமர முடியாது. வளர்ச்சி அங்கேயே நிற்கும்.

இப்போது வாசகரின் கேள்விக்கு வரலாம். ஒரு விண்ணப்பத்தில் இப்படி ஒரு கிளெய்ம், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகம், இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம், உதாரணத்துக்காக இங்கே கட்டியது: "கண்ணாடி, கருப்புச் சட்டம், மூன்று நிறப் பட்டைகள் கொண்ட வடிகட்டி, அதில் சிவப்பு நிறமித் துகளின் சராசரி அளவு 20 முதல் 60 நானோமீட்டர்." கர்நாடகத்து விண்ணப்பம் சென்னை காப்புரிமை அலுவலகத்தின் எல்லைக்குள் வரும். தனிநபர் என்றால் இணையவழித் தாக்கலுக்கு 1,600 ரூபாய், ஆய்வு கோரும் 18-ஆம் படிவத்துக்கு 4,000. 2024 மார்ச்சில் வந்த விதிப்படி அந்தப் படிவத்தை 31 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், முன்பு 48 மாதம். கொடுக்காமல் விட்டால் விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றதாகிவிடும். பல நல்ல யோசனைகள் இப்படி நாள்காட்டியிலேயே செத்துப்போகின்றன.

ஆய்வாளர் முதலில் கிளெய்மைத் துண்டு துண்டாகப் பிரிப்பார். கண்ணாடி, சட்டம், பட்டை எல்லாம் பழையவை. மிஞ்சுவது ஓர் எண் மட்டும். பன்னாட்டு வகைப்பாட்டில் ஒளி வடிகட்டிகளுக்கு ஜி02பி 5/20, திரவப் படிகத் திரையோடு சேர்ந்தால் ஜி02எஃப் 1/1335, ஓஎல்இடி என்றால் எச்10கே 59. இந்த எண்களைப் போட்டுத் தேடினால் ஜப்பானிய ஆவணங்கள் வந்து விழும்; டொப்பான், டாய் நிப்பான், டிஐசி நிறுவனங்கள் எல்லாம் பல பத்தாண்டுகளாக இதிலேயே ஊறியவர்கள். அந்த ஆவணங்களில் ஒன்று "100 நானோமீட்டருக்குக் கீழ்" என்று சொல்லியிருந்தால், 20–60 அதற்குள்ளேயே அடங்குகிறது. சின்னதாக்கினால் சிதறல் குறையும் என்பது பாடப்புத்தகச் சங்கதி. கான்ட்ராஸ்ட் படிப்படியாகக் கூடிக்கொண்டே போனால் அந்த எண்ணில் விசேஷம் ஒன்றுமில்லை, துறையில் கைப்பழக்கமுள்ள எவருக்கும் தோன்றக்கூடியது. 20-க்குக் கீழே போனால் சுடும்போது கெடுகிறது, 60-க்கு மேலே போனால் கசிகிறது என்று இரு எல்லைக்கும் வெளியே செய்த சோதனைகளை விவரக்குறிப்பில் காட்டியிருந்தால் பேச்சு நடத்தலாம். தாக்கல் செய்த பிறகு "அதுவும் செய்து பார்த்தோம்" என்றால் எடுபடுவது கடினம்.

அடுத்த கேள்வி இன்னும் சுவையானது: 60 நானோமீட்டர் என்றால் எதில் அளந்தது? எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒவ்வொரு படிகமாக அளப்பது ஒன்று. கலவையில் லேசர் பாய்ச்சி அளப்பது வேறு. அது ஒட்டிக்கிடக்கும் கொத்தையும் போர்த்திய பிசினையும் சேர்த்தே ஒரு துகளாக எண்ணும். ஒரே புட்டியில் இரண்டு முறையும் இரண்டு எண் தரும். அளவை முறை சொல்லாத கிளெய்மை, தெளிவில்லை என்று 10(5) பிரிவின்கீழ் திருப்பிவிடலாம்.

நம் காப்புரிமைச் சட்டத்தில் 3-ஆம் பிரிவு என்ற வடிகட்டியும் இருக்கிறது. 3(டி)யின் விளக்கத்தில் 'துகள் அளவு' என்ற சொல்லே எழுதியிருக்கிறது: தெரிந்த பொருளைப் பொடித்து மட்டும் கொண்டுவந்தால் அது அதே பொருள்தான், செயல்திறனில் கணிசமான வேறுபாடு இருந்தாலொழிய. மருந்துகளுக்காகப் பிரபலமான பிரிவு. கிளிவெக் என்ற புற்றுநோய் மருந்து வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் காப்புரிமையை மறுத்தது இதை வைத்துத்தான். நிறமிக்குச் செயல்திறன் என்றால் என்ன என்று வாதாட இடமிருக்கிறது. கான்ட்ராஸ்டைக் காட்டுவது நியாயமான பதில். 3(இ) வெறும் கலவையைத் தள்ளுகிறது. பச்சையோடு மஞ்சளைக் கலந்து இளம்பச்சை வந்தது என்றால் அது கூட்டல் கணக்கு. ஆனால் மேலே பார்த்த வால் முளைத்த நிறமி? தனியாக நின்றால் அது ஒரு சுமாரான சிவப்பு. கலந்தால் மற்றதன் படிக வளர்ச்சியை நிறுத்துகிறது. இரண்டும் தனித்தனியே செய்யாததைச் சேர்ந்து செய்கின்றன. முதன்முதலில் அதைச் சொன்னவருக்குக் காப்புரிமை கொடுக்கத்தான் வேண்டும். முதல் ஆய்வறிக்கை வந்தபின் ஆறு மாதத்துக்குள் பதில். பெரும்பாலும் அகலமாக ஆரம்பித்த கிளெய்ம் 'இந்த வால், இத்தனை சதவீதம், இந்த அளவை முறை' என்று ஒடுங்கித்தான் வெளியே வரும்.

பெட்டியின்மேல் 'பேட்டன்ட் பெற்றது' என்று போட்டிருந்தால் அரசு தரச்சான்று கொடுத்ததாக நினைப்பவர்கள் நிறைய. போனின் பின்னால் ஒட்டும் கதிர்வீச்சுத் தடுப்பு ஸ்டிக்கர்காரர்கள் வாழ்வதே இந்த மயக்கத்தில்தான். காப்புரிமை என்பது பிறர் செய்யாமல் தடுக்கும் உரிமை, 20 ஆண்டுக்கு. இல்லாத காப்புரிமையை இருப்பதாகச் சொல்லி விற்பது 120-ஆம் பிரிவின்படி தண்டத்துக்குரியது.

இன்னொரு ஆதங்கம். வட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று உலகுக்கு முதலில் காட்டியது, 1977-இல் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் சந்திரசேகர், சதாசிவா, சுரேஷ் மூவரும். பின்னர் அந்த வகை மூலக்கூறுகளைக் கொண்டு, சாய்ந்து பார்த்தாலும் படம் வெளிறாத படலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் ஃபூஜி. குறை விஞ்ஞானிகளிடம் இல்லை. ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் நடுவே உப்பில் பிசைந்து பார்க்க, நூறு முறை சுட்டுக் கெடுத்துப் பார்க்க நாம் பணம் ஒதுக்குவதில்லை. இன்றைய ஆராய்ச்சி மாணவர்கள் குறைந்தபட்சம் ஒன்றைச் செய்யலாம்: முதலில் விண்ணப்பம், பிறகு கட்டுரை. வரிசை மாறினால் உங்கள் கட்டுரையையே ஆய்வாளர் உங்களுக்கு எதிராக எடுத்துவைப்பார்.

அல்சூர் வாசகருக்கு: அடுத்த முறை கடையில் 'இன்செல்லா, ஓஎல்இடியா' என்று முதலிலேயே கேளுங்கள். பொருத்துவதற்கு முன் கேபிளை மட்டும் மாட்டச் சொல்லி, முழுக் கருப்புப் படம் ஒன்றைத் திறந்து, திரையைக் கையால் குவித்து மூடி, இடுக்கு வழியாகப் பாருங்கள். திரை எங்கே இருக்கிறதென்றே தெரியாவிட்டால் ஓஎல்இடி. சாம்பலாகத் தெரிந்தால் எல்சிடி. அதற்குரிய விலையை மட்டும் கொடுங்கள்.