முன் பிரேக்குக்கு ஏன் இந்தக் கெட்ட பெயர்?

“முன் பிரேக்கப் பிடிக்காதடா, குப்புற விழுந்திடுவ!” மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் சைக்கிள் பழகும் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் சொல்லும் புத்திமதி இது. பாதிதான் சரி.

பிரேக் கட்டை சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. வண்டியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் நடுவே உள்ள உராய்வு. டயர் சாலையை எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு உராய்வு கிடைக்கும். பிரேக் பிடித்ததும் பாரம் முன்சக்கரத்துக்குப் போய்விடுகிறது, பின்சக்கரம் இலேசாகிறது. இலேசான சக்கரத்தை எவ்வளவு இறுக்கினாலும் வழுக்குமே தவிர, வண்டி சட்டென்று நிற்காது.

காய்ந்த தார்ச்சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டரில் வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பின் பிரேக் மட்டும் என்றால் நிற்க ஏறக்குறைய 6 மீட்டர் வேண்டும். முன் பிரேக்கை நன்றாகப் பயன்படுத்தினால் 3 மீட்டர் போதும். மேட்டிலிருந்து 40 கிலோமீட்டரில் இறங்கினால் வேகம் இரண்டு மடங்கு, தூரமோ நான்கு மடங்கு. எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லோரி திரும்பும்போது இந்தக் கணக்கு விளையாட்டல்ல.

அப்படியானால் குப்புற விழுவது? அதுவும் நடப்பதுதான். பதறிப்போய் முன் பிரேக்கை ஒரே பிடியாக அழுத்தும்போது கையை ஊன்றாத உடல் முன்னே பாய்கிறது, பின்சக்கரம் தூக்குகிறது. இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளி, உடலைத் தாழ்த்தி, பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். பின் பிரேக்கையும் இலேசாகப் பிடித்திருங்கள். பின்சக்கரம் வழுக்கத் தொடங்கினால், முன் பிடியைச் சற்றுத் தளர்த்த வேண்டிய நேரம் என்று அர்த்தம். எந்தக் கைப்பிடி முன்சக்கரத்துக்கு என்பது வண்டிக்கு வண்டி மாறும். இரவல் சைக்கிளில் ஏறுமுன் தள்ளிப் பார்த்துவிடுவது நல்லது.

மழையில் கதை மாறுகிறது. நனைந்த ரிம்மில் கட்டை முதலில் தண்ணீரைத்தான் துடைக்கிறது. சக்கரம் சில சுற்று சுற்றிய பிறகே பிடி கிடைக்கும். பழைய வண்டிகளின் பளபளக்கும் இரும்பு ரிம் இதில் மகா மோசம். ஆகவே இறக்கத்துக்கு முன்பே இலேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

செம்மண் சேறும் உதிர்ந்து நசுங்கிய செம்பனைப் பழமும் கிடக்கும் இடத்தில் முன்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க முடியாது. அங்கே பெரியவர்கள் சொன்னதே சரி: பின் பிரேக்தான். ஆனால் வேகத்தை அதற்கு முன்பே, நேராக ஓடும்போதே, குறைத்திருக்க வேண்டும்.