இயான்ஃபு: ‘ஆறுதல் மகளிர்’ யாருக்கு வேண்டும்?

கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் ஏதாவது உரசல் என்று செய்தி வந்தால் போதும், நம் நாளிதழ்களில் ‘ஆறுதல் மகளிர்’ வந்துவிடுகிறார்கள். இரண்டாம் உலகப் போர் முடியும்வரை ஜப்பானியப் படை தன் சிப்பாய்களின் பாலியல் இச்சைக்கென்று அடைத்துவைத்த பெண்களுக்குத்தான் இந்தப் பெயர். அண்மையில் ஒரு செய்தி வாசிப்பாளர் ஒரு படி மேலே போய், ‘ஆறுதல் மகளிராகப் பணியாற்றிய மூதாட்டி’ என்றார். பணியாற்றினாராம்! சம்பளமும் ஓய்வூதியமும் மட்டும்தான் பாக்கி.

சொல்லின் பிறப்பைச் சட்டென்று சொல்லிவிடலாம். ஜப்பானிய மொழியில் ‘இயான்’ என்றால் ஆறுதல், தேற்றுதல். ‘ஃபு’ என்றால் பெண். இரண்டும் சேர்ந்தால் இயான்ஃபு. இவர்களை அடைத்துவைத்த இடம் இயான்ஜோ. ஜப்பானியப் படைக்கென்று முதல் இயான்ஜோ 1932இல் ஷாங்காயில் தொடங்கியது. 1937இல் சீனாவின் நாஞ்சிங் நகரில் ஜப்பானியப் படை நடத்திய படுகொலைக்குப் பிறகு படை போன இடமெல்லாம் இவையும் போயின. கொரியா, சீனா, தைவான், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா என்று பல நாட்டுப் பெண்களை, வேலை தருகிறோம் என்று பொய் சொல்லியும் பலவந்தமாகவும் கொண்டுபோனார்கள். மொத்தம் 20,000 பேர் என்பவரும் உண்டு, 2,00,000 என்பவரும் உண்டு.

மூலச் சொல்லே ஓர் இடக்கரடக்கல். நாமும் ‘கால் கழுவி வந்தான்’ என்கிறோம். அது சபை நாகரிகம். இங்கே குற்றம் செய்தவன் தன் குற்றத்துக்குத் தானே வைத்த செல்லப்பெயரை நாம் அக்கறையாக மொழிபெயர்த்துக் கொடுக்கிறோம். தமிழில் ஆறுதல் துக்க வீட்டில் சொல்வது. விவரம் தெரியாமல் படிக்கிறவர், காயம்பட்ட சிப்பாய்க்குக் கட்டுப்போட்ட நர்ஸ் என்றுதான் நினைப்பார்.

ஜாவா தீவில் அம்பராவா முகாமில் சிறையிருந்த டச்சுப் பெண் யான் ரஃப் ஓஹெர்ன். 1944இல் அவரையும் இன்னும் சில இளம்பெண்களையும் பொறுக்கியெடுத்து ஸெமராங் நகரில் ஒரு வீட்டில் அடைத்தார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு ஜப்பானியப் பூவின் பெயர் வைத்தார்கள். அழகு குலைந்தால் விட்டுவிடுவார்கள் என்று அவர் தன் தலைமுடியை வெட்டி எறிந்தார், பலனில்லை. 1992இல்தான் இதை வெளியே சொன்னார். இதில் யார் யாருக்கு ஆறுதல்?

சரி, மாற்று என்ன? தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘கொண்டி மகளிர்’ என்ற சங்கச் சொல்லை முன்வைக்கிறார்கள். கேட்டதும் எனக்கும் சபலம் தட்டத்தான் செய்தது. கொண்டி என்றால் கொள்ளை; பட்டினப்பாலையில் கொண்டி மகளிர், போரில் பகைவர் நாட்டிலிருந்து பிடித்துவந்த பெண்கள். அந்தியில் விளக்கேற்றுகிறவர்கள். ஆனால் அதே தொடர் மதுரைக்காஞ்சியில் வரும்போது, இளைஞரின் பொருளைக் கொள்ளையடிக்கும் பரத்தையர் என்று பொருள் புரண்டுவிடுகிறது. கொள்ளைபோனவளும் கொள்ளையடிப்பவளும் ஒரே சொல்லில்! ‘அவர்கள் பணத்துக்காக வந்தவர்கள்’ என்று இன்றும் வாதாடும் ஜப்பானிய வலதுசாரிகளுக்கு இதைவிட நல்ல தமிழ்ச் சொல் கிடைக்காது. இன்னொன்று, கொரியா அன்று பகைநாடு அல்ல. 1910 முதல் ஜப்பானின் காலனி. ஜப்பானின் சொந்த ஏழைப் பெண்களும் இயான்ஜோக்களில் இருந்தார்கள். இவர்களெல்லாம் போரில் பிடிபட்டவர்களா? எல்லாம் போகட்டும், உரைநூலைப் புரட்டாமல் யாருக்குப் புரியும்? சங்கச் சொல் என்பதாலேயே ஒரு சொல் எங்கும் பொருந்திவிடும் என்ற நம்பிக்கையை நம்மவர்கள் எப்போது விடுவார்களோ.

‘போர்ப் பரத்தையர்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

என் தேர்வு ‘படைப் பாலியல் அடிமை முறை’. ஐ.நா.வுக்காக 1996இல் இதுபற்றி அறிக்கை எழுதிய இலங்கைத் தமிழர் ராதிகா குமாரசுவாமி, ஆறுதல் என்ற சொல் பெண்கள் பட்ட பாட்டைச் சற்றும் காட்டவில்லை என்று ஒதுக்கிவிட்டு, இந்தப் பொருள்பட்ட சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார். ‘பாலியல்’ நேற்றுவந்த சொல் என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும், எல்லோருக்கும் புரிகிறது. ‘படை’யை மட்டும் தலைப்பில் இடமில்லை என்று வெட்டிவிடாதீர்கள். தனியார் தரகர்கள் நடத்திய தொழில், அரசுக்குத் தொடர்பில்லை என்றுதான் 1990இல் ஜப்பான் அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அடுத்த ஆண்டு கிம் ஹக்-சுன் என்ற கொரிய மூதாட்டி தன் பெயரோடு முன்வந்து பேசினார். 1992 ஜனவரியில் யோஷிமி யோஷியாகி என்ற வரலாற்றாசிரியர் ராணுவ ஆவணங்களையே தேடி எடுத்து வெளியிட்டார். அதற்கப்புறம்தான் அரசு இறங்கிவந்தது.

ஒரு நியாயமான தடை உண்டு. மீண்டுவந்த பெண்களில் சிலருக்கே ‘அடிமை’ என்ற சொல் கூசுகிறது. அவர்களில் ஒருவரான கொரிய மூதாட்டி லீ யோங்-சூ வெளிப்படையாகவே அதைச் சொல்லியிருக்கிறார். ஆகவே அந்த ஏற்பாட்டைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம். ஆளைப் பற்றி எழுதும்போது பெயரைச் சொல்லி, ஜப்பானியப் படை எங்கே, எத்தனை நாள் அடைத்துவைத்தது என்று எழுதினால் போதும், பட்டம் எதுவும் வேண்டாம். இயான்ஜோவை ‘ஆறுதல் இல்லம்’ என்று பெயர்ப்பவர்கள், அடுத்த தெரு முதியோர் இல்லத்துக்கும் அதே பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுதட்டும்.